பிள்ளைக்குப் பள்ளியில் மாத்திரை. வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு?

நம் கோலார் தங்கச் சுரங்க ஊரில், பாலகாட் லைன் வீடுகளில் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால் முதல் வாரம் முழுக்க அதற்கு ராஜ மரியாதைதான். பால், பிஸ்கட், கறிக்குழம்புச் சோறு என்று ஆளுக்கொன்று கொடுப்பார்கள். வயிறு பானை மாதிரி உப்பிவிட்டால், "நல்லா சாப்பிடுது பாரு" என்று சந்தோஷம். வயிறு உப்பியிருக்கும்போதே விலா எலும்பு தெரிகிறதே, முடி பளபளப்பில்லாமல் சிலிர்த்து நிற்கிறதே என்று கவனிப்பவர்கள் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த வயிற்றில் இருப்பது பெரும்பாலும் பால் அல்ல, பூச்சி.

குட்டி தெருவில் எதையோ தின்று பூச்சி வாங்கிக்கொண்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பிறக்கும்போதே பூச்சியோடு பிறந்திருக்கலாம். நாயின் உருளைப்புழு, அதாவது ஊரார் சொல்லும் நாக்குப்பூச்சி வகை, தாயின் தசைகளில் குஞ்சுப் புழுவாக வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். தாய் சினைப்பட்டு ஆறு வாரம் ஆகும்போது விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போய்விடும். பாலிலும் கொஞ்சம் இறங்கும். அதனால் குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலேயே அதன் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறத் தொடங்குகின்றன. ஒரு பெண் புழு ஒரே நாளில் பல்லாயிரம் முட்டைகள் இடும். குட்டி சேமியா போல வெள்ளையாக எதையாவது வாந்தி எடுத்தால் அது இந்தப் புழுதான்.

இதைவிடக் கொடியது கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் நீளந்தான். குடல் சுவரைக் கடித்துப் பிடித்து ரத்தம் குடிக்கும். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட குட்டிகள் சில சமயம் நாளையைப் பார்ப்பதில்லை.

சுரங்க ஊர்க்காரர்களுக்குக் கொக்கிப்புழுவைப் பற்றிச் சொல்ல ஒரு தனிக் காரணம் உண்டு. கொக்கிப்புழுவைப் பற்றி உலகம் பெரிய பாடம் கற்றது சுரங்கத் தொழிலாளர்களின் உடம்பிலிருந்துதான். சுவிட்சர்லாந்தில் காட்ஹார்ட் மலையைக் குடைந்து ரயில் பாதை அமைத்தபோது கூலிகள் ரத்தமின்றி வெளுத்து விழுந்தார்கள். இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் எதோவார்தோ பெரோன்சித்தோ 1880-ல் அதற்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று காட்டினார். 1902-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் டால்கோத் சுரங்கத்திலும் அதே வெளுப்பு. அதை ஆராய்ந்த விஞ்ஞானி ஹால்டேன் அதே புழுவைக் கண்டார். அந்தக் கார்ன்வாலிலிருந்துதான், 1880-ல் இங்கே வேலையைக் கையில் எடுத்த ஜான் டெய்லர் கம்பெனியின் காலத்தில், சுரங்கம் தெரிந்த ஆட்கள் கோலாருக்கு வந்து இறங்கினார்கள். வடஆற்காடு பக்கமிருந்து நம் பாட்டன்மார் வந்ததும் அந்தச் சுரங்கங்களுக்குத்தான்.

சுரங்கத்துக்கும் புழுவுக்கும் என்ன உறவு? சூடு, ஈரம், இருட்டு, கழிப்பிடம் இல்லாமை. மனித மலம் விழுந்த ஈர மண்ணில் முட்டை பொரித்து, குஞ்சுப் புழு ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்தை அடைந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். தோல் வழியாகவும் நுழையும் என்பதை 1890-களில் கெய்ரோவில் ஆராய்ச்சியாளர் ஆர்தர் லூஸ் கண்டறிந்தார், அதுவும் தற்செயலாக. புழுக்கள் இருந்த நீர் அவர் கையில் சிந்தியது, கை அரித்தது, பின்னாளில் அவர் மலத்திலேயே முட்டைகள் தெரிந்தன. சுரங்கங்களில் நோய் குறைந்தது மருந்தால் மட்டுமல்ல. கீழே மலவாளி வைத்து, அதை மேலே கொண்டுவந்து கொட்டியதாலும்தான். வீட்டு நாய் விஷயத்திலும் எனக்குத் தோன்றுவது இதுவே: மாத்திரை பாதி வேலை, மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது.

சுரங்கத்தில் பரவியது மனிதக் கொக்கிப்புழு. நாயினுடையது வேறு இனம். நாயின் கொக்கிப்புழு நம் தோலில் நுழைந்தால் பெரும்பாலும் வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே ஊரும். காலிலோ தொடையிலோ சிவந்த கோடு வளைந்து வளைந்து நாளுக்கு நாள் நகரும், ராத்திரியெல்லாம் அரிக்கும். படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டினால் மாத்திரையிலேயே சரியாகும். ஆனால் ஓர் இனம் மட்டும் விதிவிலக்கு. 1911-ல் லூஸ் இலங்கையின் புனுகுப்பூனையில் கண்டு, சிலோன் பெயரையே சூட்டிய கொக்கிப்புழு அது. ஆசியாவில் நாய், பூனைகளிடம் இருக்கிறது. மனிதக் குடலிலும் முழுதாக வளர்ந்து ரத்தம் குடிக்கிறது.

உருளைப்புழுவின் முட்டையோ மண்ணோடு வாய்க்குள் போனால்தான் தொற்றும். மண்ணில் விளையாடிய கையைக் கழுவாமல் சாப்பிடும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். குஞ்சுப் புழு ஈரல், நுரையீரல் என்று அலையும். காய்ச்சலும் இருமலும் வரும். அபூர்வமாகக் கண்ணுக்குள் போய் ஒரு கண்ணின் பார்வையையே பறித்துவிடும். பிள்ளைக்கு ஒரு கண் மாறுகண்ணாகத் திரும்பினாலும், கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. வேறு பெரிய நோய்களுக்கும் இதே அறிகுறி உண்டு.

ஒரு பழியை மட்டும் நாயின் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும். ராத்திரியில் பிள்ளைகளுக்கு ஆசனவாய் அரிக்கிறதே, அந்தக் கீரிப்பூச்சி நாயிடமிருந்து வருவதில்லை. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே பரவுவது. அதற்காக நாயைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டு வருவது பாவம்.

நாடாப்புழுவில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். நாயின் வாலடியிலும் படுக்கையிலும் காய்ந்த அரிசி மணி போல ஒட்டியிருப்பது ஒன்று. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அது திரும்ப வரும். இன்னொன்று எளிதில் கண்ணில் படாது, சில மில்லிமீட்டர்தான். கறிக்கடையில் ஆட்டின் பச்சை ஈரல், நுரையீரலை நாய்க்கு வீசினால், அதில் நீர்க்கட்டி இருந்தால், நாயின் குடலில் இந்தப் புழு வளரும். அதன் முட்டை நம் வாய்க்குள் போனால் நம் ஈரலில் அதே நீர்க்கட்டி பல வருடம் சத்தமில்லாமல் பெருக்கும். நாய்க்குக் கழிவுக்கறி கொடுக்கத்தான் வேண்டுமென்றால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

இனி மருந்து. குட்டிக்கு இரண்டாவது வாரத்தில் தொடங்கி, பால் மறந்த பிறகும் இரண்டு வாரம் வரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஏன் இத்தனை தடவை என்று கேட்பார்கள். பூச்சி மருந்து குடலில் இருப்பதைத்தான் கொல்லும். தசையிலும் நுரையீரலிலும் இருப்பவை பிற்பாடு இறங்கி வரும். குட்டிக்குக் கொடுக்கும் அதே நாளில் தாய்க்கும் கொடுக்க வேண்டும்.

பைரான்டெல், ஃபென்பென்டசோல் இரண்டும் உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும், பிராசிகுவான்டெல் நாடாப்புழுவுக்கு. கடையில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பல, 10 கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் வருகின்றன. ஆனாலும் அட்டையைப் படித்து, மருத்துவரிடம் கேட்டுக் கொடுப்பதே சரி. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். அளவு குறைந்தால் புழு பிழைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் பந்தய நாய்களிடம் மருந்துகளுக்கு அசையாத கொக்கிப்புழுவே உருவாகிவிட்டது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்குப் போடுவதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோலி (Collie) போன்ற நாய் இனங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பூச்சிக்கு நல்லதென்று பூண்டு அரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

மண்ணைப் பொறுத்தவரை காலம் நம் பக்கம் இருக்கிறது. இப்போது விழுந்த மலத்தில் உள்ள முட்டை இப்போதே தொற்றாது. கொக்கிப்புழுவுக்குச் சில நாள் வேண்டும், உருளைப்புழுவுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். அதற்குள் அள்ளிவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்தது. விட்டுவிட்டால் உருளைப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். பினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அது சாகாது. தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் இந்த ஊரில் வாசலைக் கழுவச் சொல்வது நியாயமில்லை, அவசியமும் இல்லை. தினமும் காலையில் தகரத்தால் உலர்வாக அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட்டால் போதும். காய்கறிப் பாத்தியில் புதைக்கக் கூடாது. சிமெண்டுத் தரையில் நாய் அசுத்தம் செய்த இடத்தில் மட்டும் ஒரு சொம்பு கொதிக்கும் நீர். வெயில் படும் காய்ந்த தரையில் கொக்கிப்புழுக் குஞ்சு நிலைக்காது. அது தங்குவது குழாயடியிலும் பாத்திரம் கழுவும் மூலையிலும்தான். நாயை அங்கே கட்டாதீர்கள், பிள்ளைகள் அங்கே வெறுங்காலோடு நிற்க வேண்டாம். சேமித்த தண்ணீரில் ஒரு செம்பை, சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒதுக்குங்கள்.

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. வழக்கமாகப் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி, 1 முதல் 19 வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த இரண்டு தேதிகளையும் வளர்ந்த நாய்க்கும் எடுத்துக்கொண்டு, நடுவே மே 10, நவம்பர் 10 இரண்டையும் சேர்த்துக் காலண்டரில் வட்டம் போடுங்கள். பிள்ளை மாத்திரை போட்டுக்கொண்டு வீடு திரும்பும் அன்று சாயங்காலம், நாய்க்கான மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்து அதே பிள்ளையின் கண் முன்னால் கொடுங்கள், பிறகு இருவரும் கை கழுவுங்கள்.