இருபதுக்குப் பக்கத்தில் ஒன்று

டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித்திருவிழா. மலையின் 365 படிகளுக்கும் பூசை நடக்கும், பாட்டுக் கச்சேரிகள் விடியும்வரை ஓயாது. பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிப் போவார்கள். அதே நாட்களில் லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸ் அரங்கில் இன்னொரு திருவிழா. டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம்வரை உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப் நடக்கிறது. 2025 டிசம்பரில் அந்த மேடையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் செய்த காரியத்துக்கு இங்கே யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. வெடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் பெயர் நிதின் குமார். ‘ராயல் பெங்கால்’ என்பது பட்டப்பெயர். முதல் சுற்றில் நெதர்லாந்தின் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என்ற செட் கணக்கில் வென்றார். இந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர்தான். அதற்கு முன்பும் அவர் அந்த மேடை ஏறியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் முதல் சுற்றோடு திரும்பியிருக்கிறார். இம்முறை அடுத்த சுற்றில் வெளியேறினார். 128 பேர் ஆடிய அந்தப் போட்டியின் இறுதி ஆட்டம் 2026 ஜனவரி 3 அன்று நடந்தது. இங்கிலாந்தின் லூக் லிட்லர் நெதர்லாந்தின் ஜியான் வான் வீனை 7-1 என்று சாய்த்து, 10 லட்சம் பவுண்டு பரிசையும் தொடர்ந்து இரண்டாவது பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். ஓராண்டுக்கு முன், 2025 ஜனவரி 3 அன்று, மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என்று வென்று முதல் பட்டம் வாங்கியபோது லிட்லருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை.

முடிவுகளை இதற்கு மேல் அடுக்கப் போவதில்லை. என்னை இழுப்பது அந்த வட்டப் பலகை. ஆடிக்கிருத்திகைக் கடைகளில் பலூன் சுடுவதையும் வளையம் எறிவதையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, டார்ட்ஸ் போர்டும் அந்த வகையில் ஒன்றாகத்தான் முதலில் தெரியும். நடுப்புள்ளியில் குத்தினால் பெரிய பரிசு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நடுப்புள்ளிக்கு 50 புள்ளிதான். அதைவிட அதிகம் தரும் இடம் அதற்கு நேர் மேலே, 20 என்ற எண்ணின் கீழ் ஒரு மெல்லிய பட்டையாக ஒளிந்திருக்கிறது. அது டிரெபிள் 20. அங்கே குத்தினால் மூன்று மடங்கு, அதாவது 60.

அந்தப் பட்டையின் உயரம் 8 மில்லிமீட்டர், அகலம் சுமார் 32 மில்லிமீட்டர். புள்ளி கிடைக்கும் பரப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதில் இது 350-இல் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு போர்டுக்குள் எறிந்துகொண்டே இருந்தால் ஏறக்குறைய 350 எறிக்கு ஒருமுறை அங்கே விழும். லிட்லர் போன்றவர்கள் 2.37 மீட்டர் தள்ளி நின்று, ஒரு முறைக்கு உரிய மூன்று டார்ட்டையும் அந்தச் சிறு பட்டைக்குள் அடுத்தடுத்து இறக்கிவிடுகிறார்கள். அதுதான் அரங்கமே எழுந்து கத்தும் 180.

இதில் உடல் செய்யும் வேலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டார்ட் கையை விட்டுப் புறப்படும் வேகத்தை வினாடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையை நீட்டி எறிவதால் அது பறக்க வேண்டிய தூரம் 2 மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் கண நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை அரை மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடுகிறது. ஆகவே நேராக எறிந்தால் குறி தப்பும். கொஞ்சம் மேல்நோக்கித்தான் எறிய வேண்டும், அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். பட்டையின் நடுவிலிருந்து விளிம்புவரை 4 மில்லிமீட்டர். 2 மீட்டர் தூரத்தில் அது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும்.

அதைவிட வியப்பு, விரல் விடும் நேரம். முழங்கை மடக்கிலிருந்து கை ஒரு வளைவில்தான் சுழன்று வருகிறது. அந்தச் சுழற்சியில் டார்ட்டின் திசை நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன வேகத்தில், விரல் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி முந்தினாலோ பிந்தினாலோ போர்டில் 3 சென்டிமீட்டர் விலகல் வர வேண்டும். 8 மில்லிமீட்டர் பட்டையை எப்படித்தான் பிடிப்பது? 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தேர்ந்த ஆட்டக்காரர்களின் கையைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது இரண்டு விதமான தீர்வுகள் தெரிந்தன. சிலர் விடும் நேரத்தையே மிகத் துல்லியமாக்கிக்கொள்கிறார்கள். வேறு சிலர் கையின் பாதையை மாற்றி அமைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் முந்தி விட்டாலும் கொஞ்சம் பிந்தி விட்டாலும் டார்ட் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் இறங்கும்படி அந்தப் பாதை அமைகிறது. பிழையைக் குறைப்பது ஒரு வழி, பிழை வந்தாலும் பாதிக்காதபடி செய்துகொள்வது இன்னொரு வழி.  ஆயிரக்கணக்கான எறிகளுக்குப் பிறகு உடம்பு தானாகக் கண்டுபிடித்த கணிதம் அது.

டார்ட்டும் இதற்கு ஒத்துழைக்கிறது. அதன் உடல் டங்ஸ்டன் கலவை. டங்ஸ்டன் பித்தளையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. எனவே அதே எடையை ஒல்லியான உடலில் அடைக்க முடிகிறது. ஒல்லியாக இருப்பதால்தான் ஒரே பட்டைக்குள் மூன்றுக்கும் இடம் கிடைக்கிறது. எடை முன்பக்கம், சிறகு பின்பக்கம். கையை விட்டுப் புறப்படும்போது கொஞ்சம் கோணலாகப் போனாலும் சிறகின் மேல் படும் காற்று வாலைப் பிடித்து நேராக்கிவிடுகிறது.

பலகை என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர அதில் பலகை கிடையாது. முற்காலத்தில் எல்ம் மரத்தில் செய்தார்கள். குத்திய துளைகள் மூடுவதற்காக இரவில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். 1930-களில் கற்றாழை நார் வந்தது. நம் பக்கம் வயலோரத்திலும் தண்டவாளத்தை ஒட்டியும் வேலிக்கு வளர்த்த ஆனைக்கற்றாழையின் உறவுச் செடி சிசால். அதன் நாரைச் சிறு சிறு துண்டாக வெட்டி, செங்குத்தாக நிறுத்தி, பெரும் அழுத்தத்தில் நெருக்கிக் கட்டுகிறார்கள். ஆக, நாம் பார்ப்பது லட்சக்கணக்கான நார்களின் நுனி. இறுகக் கட்டிய துடைப்பத்தின் அடிப்பக்கத்தில் ஊசியை இறக்கி எடுப்பதைப் போலத்தான்: டார்ட் எந்த நாரையும் அறுப்பதில்லை, இரண்டு நாருக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு நுழைகிறது. உருவியதும் நார்கள் மறுபடி நெருங்கிக்கொள்கின்றன. தறியோடு வாழும் பொதட்டூர்பேட்டைக்காரர்கள் ஒரு நல்ல போர்டைக் கையில் வாங்கினால், விரலால் தடவிப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மேலேயிருந்து வலப்பக்கமாகச் சுற்றினால் 20, 1, 18, 4, 13, 6, 10, 15, 2, 17, 3, 19, 7, 16, 8, 11, 14, 9, 12, 5. ஒழுங்கே இல்லாதது போல் தோன்றும். ஆனால் 20-க்கு இருபுறமும் யார் என்று பாருங்கள்: 1, 5. 19-க்கு 3, 7. 18-க்கு 1, 4. 17-க்கு 2, 3. பேராசைப்பட்டுப் பெரிய எண்ணைக் குறிவைத்து ஒரு விரற்கடை விலகினால் கையில் கிடைப்பது ஒரு சிறிய எண்தான்.

தேர்ந்தவர் 20-ஐக் குறிவைப்பது சரி. புதிதாக எறிபவரும் அதையே குறிவைக்கலாமா? ஒவ்வொரு எண்ணையும் அதன் இருபக்கத்து எண்களோடு கூட்டிப் பாருங்கள். 20-க்கு 20, 1, 5 சேர்ந்து 26. போர்டு முழுவதற்கும் இந்தக் கூட்டலின் சராசரி 31.5. அப்படியானால் கை நிதானப்படாதவருக்கு 20-இன் அக்கம்பக்கம் சராசரிக்கும் கீழான இடம்! மிக அதிகமான கூட்டுத்தொகை எங்கே என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத 7-இல். அதன் ஒருபுறம் 19, மறுபுறம் 16. மூன்றும் சேர்ந்து 42. இன்னொன்றையும் கூட்டிப் பார்த்தேன். 20-ஐயும் 3-ஐயும் இணைக்கும் கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள ஒன்பது எண்கள் 86, இடப்பக்கம் உள்ளவை 101. போர்டின் இடது பாதி 15 புள்ளி கனமானது.

இந்தக் கேள்வியை முறையாக எடுத்து ஆராய்ந்தவர்கள் ரயன் திப்ஷிரானி, ஆண்ட்ரூ பிரைஸ், ஜோனதன் டெய்லர் ஆகிய மூவர். 2011-இல் ராயல் புள்ளியியல் சங்கத்தின் இதழில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. ஒருவர் எறியும் டார்ட்டுகள் குறியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதை ஓர் எண்ணாக்கி, அந்தச் சிதறலுக்கு அதிகப் புள்ளி தரும் குறி எது என்று கணினியில் தேடினார்கள். சிதறல் குறைவானவருக்கு டிரெபிள் 20. சிதறலின் திட்டவிலக்கம் 16.4 மில்லிமீட்டரைத் தாண்டியதும் சிறந்த குறி சட்டென்று தாவி போர்டின் அடிப்பக்கம், டிரெபிள் 19-க்கு வந்துவிடுகிறது. சிதறல் இன்னும் கூடக் கூட அந்தக் குறி மெல்ல வளைந்து நகர்ந்து, கடைசியில் நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக நின்றுவிடுகிறது. போர்டு எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் எங்கே குறிவைப்பது என்பதை அவரவர் பிழையின் அளவுதான் முடிவு செய்கிறது.

ஆட்டம் 501-இல் தொடங்கி இறங்கு கணக்கில் போகும். கடைசி டார்ட் வெளி வளையமான டபுளிலோ நடுப்புள்ளியிலோ விழுந்து, கணக்கு மிகச் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். இங்கேயும் பிழைக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைக்கிறார்கள். மிச்சம் 32 இருந்தால் பலருக்கும் நிம்மதி. டபுள் 16-க்கு எறிந்து அது உள்ளே தள்ளி வெறும் 16-இல் விழுந்தாலும் மிச்சம் 16, டபுள் 8 போதும். அதுவும் தப்பி 8-இல் விழுந்தால் டபுள் 4. பிறகு டபுள் 2, டபுள் 1. ஐந்து முறைவரை வழி அடைபடாது. மிச்சம் 40 என்றால் 20, 10, அதன்பின் 5, ஒற்றைப்படையில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டின் அடுக்குகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இவ்வளவு பேருக்குக் கைகொடுப்பது வேறெங்கே?

501-ஐ முடிக்கக் குறைந்தது ஒன்பது டார்ட் தேவை. ஏழு டிரெபிள் 20-க்கு 420, டிரெபிள் 19-க்கு 57, டபுள் 12-க்கு 24. உலக சாம்பியன்ஷிப்பில் இதை முதலில் செய்தவர் ஆசியாக்காரர், சிங்கப்பூரின் பால் லிம். 1990-இல் செய்து 52,000 பவுண்டு பரிசு வாங்கினார். அதே பால் லிம், நிதின் குமார் வென்ற அதே 2025 டிசம்பரில், 71 வயதில், ஸ்வீடனின் ஜெஃப்ரி டி கிராஃபை 3-1 என்று வென்றார். இந்தப் போட்டியில் அவ்வளவு வயதில் வேறு யாரும் வென்றதில்லை. வேகமும் பலமும் கேட்கும் ஆட்டங்களில் இப்படி நடக்காது. 20 கிராமுக்குச் சற்று மேற்பட்ட டார்ட்டுக்குத் தேவை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் திறன்தான். 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக் டெட் எவெட்ஸை 3-2 என்று வென்று, அந்த மேடையில் ஆணைத் தோற்கடித்த முதல் பெண்ணானதற்கும் இதே காரணம்தான்.

அந்தத் திறனும் ஒருநாள் கைவிட்டுப் போகலாம். ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கு 1980-களின் பிற்பகுதியில் விரல் டார்ட்டை விட மறுத்தது. கை முன்னே போகும், பிடி தளராது. டார்ட்டைட்டிஸ் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 

நம் ஊரில் கேரம் போர்டு இல்லாத தெருவைக் காண்பது அரிது. சிறு குழிக்குள் காயை அனுப்பும் அந்த விரல்களுக்கு இந்த ஆட்டம் தூரத்து உறவுதான், இடமும் அதிகம் கேட்காது. போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி சுவரில் மாட்டுங்கள். போர்டின் முகப்பிலிருந்து 2.37 மீட்டர் தள்ளி ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். நடுப்புள்ளியை மட்டும் குறிவைத்து ஐம்பது எறி எறிந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாதி எறிகளாவது 19 மில்லிமீட்டருக்குள் விழுந்திருந்தால் (16.4 திட்டவிலக்கத்துக்கு ஏறக்குறைய இதுதான் கணக்கு) டிரெபிள் 20 உங்களுடையது. இல்லையென்றால் கொஞ்ச காலம் 19 பக்கம் இருங்கள். கை அதைவிடவும் சிதறினால் 7-ஐப் பார்த்து எறியுங்கள், தப்பிப் போகும் டார்ட் 19-இலோ 16-இலோ போய் நிற்கும்.