புண்பட்ட பிள்ளையும் வழிபாடும்

வன்கொடுமைக்கு ஆளான பிள்ளையைத் தமிழாசிரியர் பலரும் வகுப்பறையில் கண்டிருப்பர். கண்டது இன்னதென்று அறிந்தவர் சிலரே. நேற்றுவரை வாய்பாட்டை உரக்க ஒப்பித்த பிள்ளை இன்று வாய் திறவாது. பின்னால் ஒருவர் வந்து நின்றால் திடுக்கிடும். ஒன்பது வயதில் மீண்டும் பாயை நனைக்கும். தோட்டத்து லயங்களில் இதற்கு நெடுநாளாக வழங்கும் பெயர் ‘பயந்த கோளாறு’ என்பது. பூசாரியிடம் அழைத்துச் சென்று திருநீறு போடுவர், வேப்பிலை அடிப்பர், கயிறு மந்திரித்துக் கட்டுவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த பின்னும் இவ்வழக்கம் பெயரவில்லை.

இதனை மூடப் பழக்கம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே பிள்ளை தாயின் மடியில் இருக்கிறது. பழகிய குரல் ஒன்று சீராக ஒலிக்கிறது. அச்சத்தால் இறுகிய உடல் இவற்றால் சற்றுத் தளரக்கூடும். யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம், தம்மிடம் வந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சியோடு அவரவர் சமயத்துக்குரிய திருப்பெயரைத் திரும்பத் திரும்ப உருவேற்றும் பழக்கத்தையும் மருத்துவமாகவே பயன்படுத்தினார். போரினால் நொந்த மக்களுக்கு உதவுவோருக்காக அவர் தமிழில் ஆக்கிய நூலுக்கு ‘மனவடு’ என்பது பெயர். என்ன பொருத்தமான சொல்!

ஆயின், குறை எங்கே உள்ளது? ‘யாரைக் கண்டு பயந்தாய்?’ என்னும் வினா பூசாரியின் முன் எழுவதில்லை. பழி பேயின் தலையில் ஏறுகிறது. பயமுறுத்தியவனோ அதே லயத்தில் உலவுகிறான்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. துன்புற்ற பிள்ளை, நடந்ததற்குத் தானே காரணம் என்று எண்ணிக்கொள்ளும் இயல்புடையது. உளநூலார் இதனைப் பலகாலும் எடுத்துரைப்பர். அந்நிலையில் ‘எல்லாம் முன்வினை’ என்று பெரியவர் ஒருவர் பெருமூச்சு விட்டால், பிள்ளையின் ஐயம் முடிவாகிவிடும். ‘மன்னித்துவிடு’ என்பதும், ‘பொறுமையாய் இரு’ என்பதும் அத்தகையனவே. நம் பாகான் செராயில் மாரியம்மன் கோயிலும் உண்டு, சூசைப்பாளையத்துத் தேவாலயமும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. சொல் வேறுபடலாம், பிள்ளையின் வாயை அடைப்பதில் வேறுபாடில்லை.

சமயத்துள் மாற்று மருந்தும் இருக்கிறது. சேக்கிழார் கூறும் சம்பந்தர் வரலாற்றை நோக்குக. சீகாழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் பால் வழியக் கண்ட தந்தை, கோலை ஓங்கி, தந்தவர் யாரென அதட்டுகிறார். பிள்ளை அஞ்சாது சுட்டிக் காட்டுகிறது. ஓங்கிய கோல் பிள்ளைமேல் விழவில்லை; அது காட்டியதைத் தந்தை ஏற்றார். தேவார வகுப்பில் இக்கதையை ஞானப்பாலின் பெருமைக்காக மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். பெரியவர் அதட்டினாலும் நடந்ததைச் சொல்லலாம், சொன்னால் நம்புவார்கள் என்னும் பாடமும் அதில் அடங்கியிருக்கிறது அன்றோ?

இலங்கையின் மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டு ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ தோன்றியது. இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் அதன் மூலவர்கள். அங்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் போரினால் புண்பட்டவர்கள். நாம் பேசும் கொடுமை வேறு. எனினும் முறை நமக்குப் பயன்படும். களிமண் பிசைதல், படம் தீட்டுதல், கதை கட்டுதல், நாடகம், விலங்குகளைப் பேணுதல் என அங்கே நாள் கழிந்தது. பேச்சு வராத பிள்ளைக்குக் கையே வாயாகும் என்பதை வரைகலை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

இனி நம் நாட்டுச் சட்டம். 2017ஆம் ஆண்டின் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. ‘எவரேனும்’ என்பது அதன் சொல்; ஆசிரியரும் பூசாரியும் பாதிரியாரும் அதனுள் அடங்குவர். காவல் நிலையம் உண்டு. சமூகநல இலாகா உண்டு. 15999 என்னும் ‘தாலியான் காசே’ தொலைபேசி உண்டு. கோயில் கமிட்டி கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கு அன்று இது. பிள்ளை சொன்னதை அதன் சொல்லிலேயே எழுதி வைத்து உரியவரிடம் சேர்ப்பது நம் கடமை. துருவித் துருவிக் கேட்பதும், விடையை நாமே எடுத்துக் கொடுப்பதும் பின்னர் வழக்குமன்றத்தில் பிள்ளைக்கே இடராய் முடியும்.

அதன்பின் மருத்துவரும் உளவள ஆலோசகரும் தம் பணியைச் செய்க. வழிபாடு அவர்களோடு உடன் நடக்கட்டும். தேவார வகுப்பின் கதவு திறந்திருக்கட்டும். பிள்ளைகளோடு இரு பெரியவர்கள் இருக்கட்டும். பாட விரும்பாத பிள்ளை தாளம் மட்டும் போடலாம். திருநீறு இடுமுன் ‘இடட்டுமா?’ என்று கேட்டு, பிள்ளை தலையை விலக்கினால், திருநீற்றை அதன் கையிலேயே கொடுத்துவிடலாம்.