பேட்டரி இல்லாமல் ரேடியோ பேசியது எப்படி?

1920 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கே.டி.கே.ஏ. நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதன்பின் வீட்டிலேயே ரேடியோ செய்யும் ஆர்வம் பரவியது. காலி ஓட்ஸ் டப்பாவில் சுற்றிய செப்புக் கம்பி, நீளமான ஏரியல், எர்த் கம்பி, ஹெட்போன், ஒரு துண்டு கலீனா கல் போதும். 1922-இல் அமெரிக்க அரசே செய்முறைக் கையேடு வெளியிட்டது.

சக்தி எங்கிருந்து வந்தது? ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்துதான்! வானொலி அலை ஏரியலில் படும்போது மிக நுண்ணிய மின்னோட்டம் உண்டாகிறது. டப்பாவில் சுற்றிய கம்பிச்சுருள் வேண்டிய நிலையத்தைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் அந்த மின்னோட்டம் நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும். ஹெட்போன் தகட்டால் அந்த வேகத்துக்கு ஆட முடியாது. ஒரு பக்கத் தள்ளலை மறுபக்க இழுப்பு அழித்துவிடும். காதில் ஒன்றும் விழாது.

இங்கேதான் கல்லின் வேலை. கலீனா ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாது, பளபளக்கும் சாம்பல் நிறம். மெல்லிய கம்பி முனையால் அதன் மேற்பரப்பைத் தடவித் தடவிச் சரியான புள்ளியைத் தொட்டால், மின்னோட்டம் ஒரு திசையில் மட்டும் எளிதாகப் பாயும். அலையின் ஒரு பாதியே மிஞ்சும். அதன் ஏற்ற இறக்கம் அறிவிப்பாளரின் குரலைப் பின்பற்றுவதால் தகடு அதற்கேற்ப அதிர்கிறது. கலீனாவை இப்படிப் பயன்படுத்த 1904-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்.

மேசை லேசாக அசைந்தாலே அந்தப் புள்ளி தவறிப்போகும். மறுபடி தேட வேண்டியதுதான். கல் கட்டாயம் என்றும் இல்லை. 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் வீரர்கள் ஷேவிங் பிளேடையும் பென்சில் கரியையும் வைத்தே வானொலி கேட்டார்கள். பிளேடின் மேலிருந்த மெல்லிய ஆக்சைடு படலம் கலீனாவின் வேலையைச் செய்தது.