கூடத்துக் கருவிகள் – 9: எல்லாம் ஒரே பெட்டியில்

சென்ற வாரம் சாலிடேர், டயனோரா காலத்துத் தொலைக்காட்சிகளோடு நிறுத்தினோம். அப்போது டிவி மேசையில் இருந்தது டிவி மட்டும்தான். இன்று அதே மேசையில் செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், சவுண்ட்பார், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர். ரிமோட்டுகளோ சோபா இடுக்கில் புதைந்து கிடக்கின்றன. இவை செய்யும் வேலை அத்தனையையும் ஒரே பெட்டி செய்ய முடியுமா? முடியும், செய்தாக வேண்டும் என்பது என் கட்சி.

அப்படி ஒரு பெட்டி நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்ததுதான். டூ இன் ஒன். எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் கையோடு கொண்டு வந்த நேஷனல் பானசோனிக், சான்யோ பெட்டிகளைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரேடியோ, டேப், ஸ்பீக்கர், மைக் எல்லாம் ஒரே உடலில். இலங்கை வானொலியில் பிடித்த பாட்டு வந்தால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் போதும், பதிவாகிவிடும். கரண்ட் போனால் பேட்டரியில் பாடும். டேப் மோட்டார் மக்கர் செய்தாலும் ரேடியோ நிற்காது. பாட்டிக்கும் பேரனுக்கும் அதை இயக்க யாரும் பாடம் எடுக்கவில்லை.

அந்தப் பெட்டி அவ்வளவு நன்றாக அமைந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காம்பாக்ட் கேசட்டை அறிமுகப்படுத்தியது. பிறகு சோனி வற்புறுத்தியதன் பேரில், உரிமக் கட்டணம் வாங்காமலேயே மற்றவர்களும் அதைத் தயாரிக்க இடம் கொடுத்தது. எந்த ஊரில் வாங்கிய கேசட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடியது. வானொலி அலைக்கும் பூட்டு கிடையாது. பெட்டிக்குள் வருகிற சரக்குக்குப் பொதுவான அளவும் வடிவமும் இருந்ததால், பெட்டியை யார் வேண்டுமானாலும் நன்றாகச் செய்ய முடிந்தது.

டிவி காலத்தில் பெரிய நிறுவனங்களே இப்படி ஒரு பெட்டிக்கு முயன்று பார்த்தன. சோனியின் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுக் கருவி 2000-ல் வந்தபோது டிவிடியும் ஓட்டியது. டிவிடி எல்லோரும் ஏற்றுக்கொண்ட தரம். கருவி 15 கோடிக்கு மேல் விற்றது. அதே சோனி 2003 டிசம்பரில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதி, ஹார்டு டிஸ்க், விளையாட்டு மூன்றையும் சேர்த்து பிஎஸ்எக்ஸ் என்ற பெட்டியை விட்டது. அது ஜப்பானைத் தாண்டி விற்பனைக்கே வரவில்லை.

இன்னும் துணிச்சலான முயற்சியை மைக்ரோசாஃப்ட் செய்தது. 2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுக் கருவியை அறிவித்தபோது, கூடத்துக்கு இது ஒன்றே போதும் என்ற தோரணையில்தான் பேசினார்கள். கேபிள் பெட்டியின் வயரை அதன் முதுகில் செருகலாம். குரலால் சானல் மாற்றலாம். ஆனால் உண்மையில் நடந்தது வேறு. கேபிள் பெட்டி அகலவில்லை, அங்கேயே இருந்தது. கூட வந்த கினெக்ட் கேமரா அகச்சிவப்புக் கதிரை அனுப்பி அந்தப் பெட்டிக்கு ரிமோட் வேலை பார்த்தது, அவ்வளவுதான். போட்டியாளரான பிளேஸ்டேஷன் 4-க்கு 399 டாலர், இதற்கு 499. அடுத்த ஆண்டே கினெக்டைக் கழற்றிவிட்டு விலையைக் குறைத்தார்கள். 2020-ல் வந்த அடுத்த தலைமுறைக் கருவியில் கேபிள் வயரைச் செருகும் துளையே இல்லை.

மைக்ரோசாஃப்டிடம் பணமும் இருந்தது, பொறியாளர்களும் இருந்தார்கள். சாவி மட்டும் இல்லை. டிடிஎச், கேபிள் நிறுவனங்கள் அனுப்பும் கட்டணச் சானல்கள் மறைகுறியாக்கப்பட்டு வருகின்றன. திறக்கும் சாவி அவரவர் பெட்டிக்குள் இருக்கிறது. இணைப்பை மாற்றினால் பழைய பெட்டி பரணுக்குப் போகிறது. நம் ஊர் நிலையும் இதுதான். சிம் கார்டை மாற்றுவதுபோல டிவி இணைப்பையும் ஒரு சின்ன அட்டையை மாற்றி முடித்துக்கொள்ள முடிந்தால், பாதிப் பெட்டிகள் அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடும்.

நம் நாட்டில் இதை யோசிக்காமல் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் தெளிவாகவே பரிந்துரைத்தது: செட்டாப் பாக்ஸ் எதுவானாலும் எந்த நிறுவனத்தின் சேவைக்கும் ஒத்துப்போக வேண்டும், இந்தியாவில் விற்கும் டிஜிட்டல் டிவிகளில் யுஎஸ்பி வடிவில் பொதுவான ஒரு இணைப்பு இருக்க வேண்டும். 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, செயற்கைக்கோள் டியூனரை உள்ளேயே கொண்ட டிவிக்கு ஐஎஸ் 18112 என்ற தரத்தை வெளியிட்டது. அப்படிப்பட்ட டிவியில் டிஷ் வயரை நேரே செருகினால், இலவசச் சானல்களுக்குச் செட்டாப் பாக்ஸே வேண்டாம். என் கற்பனைப் பெட்டிக்கு அடித்தளம் இந்த இரண்டும்தான்.

அந்தப் பெட்டியில் முதலில் நான் திருத்துவது ரிமோட்டை. ஸ்ட்ரீமிங் கருவிகளின் ரிமோட்டில் எண் பொத்தான்களையே எடுத்துவிட்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சானலை எண்ணால் அறிகிறார்கள். சீரியலுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, பக்திப் பாட்டுக்கு ஒன்று என்று மனப்பாடம். அந்த எண்களைப் பறித்துவிட்டு, அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தித் தேடச் சொல்வது அவர்களை அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே விருந்தாளி ஆக்குகிற வேலை. காசு கொடுத்த ஓடிடி நிறுவனங்களின் பெயரில் பொத்தான்கள் இருக்கும்போது, எண்களுக்கு இடமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். என் ரிமோட்டில் எண்கள் பெரிதாக இருக்கும். எழுத்து தமிழில் இருக்கும். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், எந்த ஓடிடியில் இருந்தாலும் தேடிக் காட்டும்.

பாட்டு மட்டும் கேட்க நினைத்தால் திரை அணைந்திருக்கட்டும். கரண்ட் போய் வந்தால் விட்ட சானலுக்கே திரும்பட்டும். இணையம் இல்லாவிட்டாலும் டிஷ்ஷில் வருவது தெரியட்டும்.

திரையும் மூளையும் தனித்தனியாகக் கழற்றும்படி இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஸ்மார்ட் டிவியில் திரை பத்து வருடம் உழைக்கும். அதற்குள் மென்பொருள் கிழடு தட்டி, செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். சாம்சங் 2013-ல் எவல்யூஷன் கிட் என்று ஒரு சிறு பெட்டியை விற்றது. அதற்கு முந்தைய ஆண்டின் உயர்ரக டிவியின் பின்னால் அதைச் செருகினால் டிவிக்குப் புது மூளை கிடைத்தது. நல்ல யோசனை. அது எல்லா டிவிக்கும் வழக்கமாகியிருக்க வேண்டும்.

வேவு பார்ப்பதும் கூடாது. விசியோ என்ற அமெரிக்க டிவி நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் மக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதை அனுமதி இல்லாமல் சேகரித்ததாக எழுந்த வழக்கில், 2017-ல் 22 லட்சம் டாலர் செலுத்தியது. குடும்பமே கூடி உட்காரும் இடத்தில் இதை அனுமதிக்கவே முடியாது.

அந்தப் பெட்டி வரும்வரை ஒன்று செய்யலாம். டிவியோடு மற்ற கருவிகளை இணைக்கும் எச்டிஎம்ஐ வயரில் 19 முனைகள் உண்டு. அதில் 13-ஆவது, கருவிகள் தங்களுக்குள் கட்டளை பரிமாறிக்கொள்வதற்காகவே வைக்கப்பட்டது. சிஇசி என்பது அதன் பொதுப் பெயர். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயரில் டிவியின் செட்டிங்ஸில் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். சவுண்ட்பாரை ஏஆர்சி என்று எழுதிய துளையில் செருகுங்கள். டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும், குறையும். ஒரு ரிமோட் மிச்சம்.

அடுத்த முறை டிவி வாங்கப் போகும்போது கடையில் இரண்டே கேள்விகள் கேளுங்கள். செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே இருக்கிறதா? மென்பொருளை எத்தனை வருடம் புதுப்பித்துத் தருவார்கள்? இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.