செகண்ட் ஹேண்ட் ப்ரீஆம்ப் ஆன் ஆகலையா? புதுசு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

9 வோல்ட் பேட்டரியில ஓடுற கிட்டார் ப்ரீஆம்ப் ஒண்ணை 1,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்குறீங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா லைட்டே எரியல. உடனே 6,000 ரூபாய்க்குப் புதுசு தேடத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

கொடுத்த 1,500 போயாச்சு, அதை இனி முடிவுக்குள்ள கொண்டு வராதீங்க. இன்னும் எவ்வளவு போட்டா இது ஓடும், இதே மாதிரி ஓடுற இன்னொரு பழைய பீஸ் என்ன விலை, இது ரெண்டையும்தான் ஒப்பிடணும். புதுசோட விலையை வச்சுப் பார்த்தா எந்த ரிப்பேரும் லாபமாத்தான் தெரியும். ரிப்பேர் பண்ணதுக்கு யாரும் உத்தரவாதம் தரப்போறதில்ல. அதனால என் கணக்குல உச்சவரம்பு 700 ரூபாய், அதாவது பாதிக்கும் கீழ. உங்க நேரத்தையும் சேர்த்துக்கோங்க: கையில 40,000 சம்பளம், மாசம் 176 மணி நேரம் வேலைன்னா ஒரு மணி நேரம் சுமார் 227 ரூபாய். (நோண்டுறதே உங்களுக்குப் பொழுதுபோக்குன்னா இதை விட்டுடலாம்.)

இப்போ செலவே இல்லாத சோதனை. இந்த வகையில நிறைய மாடலுக்குத் தனி சுவிட்சே கிடையாது. இன்புட் ஜாக்ல கிட்டார் கேபிளைச் செருகினாதான் பேட்டரியோட நெகட்டிவ் இணைப்பு முழுமையாகும். சாதாரண மோனோ பின்தான் வேணும்; ஸ்டீரியோ பின் போட்டா ஆன் ஆகாது. "செத்துப்போச்சு"ன்னு சல்லிசா விற்கிற சில பீஸோட ரகசியம் இதுதான்!

அடுத்து பேட்டரி. மல்டிமீட்டர்ல புதுசு 9 வோல்ட்டுக்கு மேல காட்டணும். ஆனா கழட்டி வச்சு அளந்தா ஏமாந்துடுவீங்க, கேபிளைச் செருகின பிறகு அளங்க. புது பேட்டரியே சரசரன்னு இறங்கி, சூடாச்சுன்னா உடனே கழட்டிடுங்க. யாரோ எப்பவோ தலைகீழா மாட்டினதுல பாதுகாப்பு டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். டயோடு சில ரூபாய்தான், சால்டரிங் கூலிதான் செலவு.

பேட்டரி கிளிப்புல வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா அல்கலைன் பேட்டரி ஒழுகியிருக்கு. பேட்டரியை எடுத்துட்டு, பஞ்சுல கொஞ்சமா வினிகர் தொட்டுத் துடைங்க, அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அப்புறம் நல்லா காயணும். ஒயர் உள்ளேயே அரிச்சிருந்தா கிளிப்பையே மாத்திடுங்க, பெரிய செலவில்ல.

அடாப்டர் சாக்கெட் இருந்தா அதுலயும் போட்டுப் பாருங்க. முதல்ல பெட்டி மேல இருக்கிற ப்ளஸ், மைனஸ் குறியைப் பாருங்க. கிட்டார் பெடல் வகையறாவுல பெரும்பாலும் நடுவுல நெகட்டிவ், வீட்டுல கிடக்கிற அடாப்டர் அதுக்கு நேர் எதிரா இருக்கும். அடாப்டர்ல ஓடுது, பேட்டரியில ஓடலைன்னா சர்க்யூட் நல்லா இருக்கு. கிளிப், அதோட ஒயர், இல்ல அந்த சாக்கெட்டுக்குள்ள பேட்டரியைத் துண்டிக்கிற தகடு, பெரும்பாலும் இதுல ஒண்ணு, இல்லன்னா இன்புட் ஜாக்கோட இணைப்புதான் பிரச்சினையா இருக்கும்.

ரெண்டுலயும் ஓடலைன்னா கடைக்குப் போங்க. சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட். திறந்து பார்க்க மட்டும் எவ்வளவுன்னு முதல்லயே கேளுங்க. போர்டு கருகியிருந்தா அங்கேயே நிறுத்திடுங்க.

பில் வாங்க மறக்காதீங்க. சம்பளத்துல இந்தச் செலவைக் கழிக்க முடியாது. ஆனா சேனல் வருமானத்தைத் தொழில் வருமானமா காட்டி, செலவைக் கழிச்சு லாபம் கணக்கிடுறவங்க, அந்த வேலைக்குப் பயன்படுற கருவியோட ரிப்பேரைக் கழிச்சுக்கலாம்.

அடுத்த தடவை வாங்கப் போகும்போது பையில புது 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு, மோனோ கேபிள் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. விற்கிறவர் முன்னாடியே ஆன் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் ஜிபே பண்ணுங்க.