தன்னார்வ அமைப்பின் செய்திக் குறிப்பு

செய்திக் குறிப்பு என்பது ஓர் அமைப்பு தன் செயலை, தேவையை அல்லது அறிவிப்பை நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு எழுத்தில் தெரிவிக்கும் சிறு ஆவணம் ஆகும். அரசு வழக்கில் இது 'செய்தி வெளியீடு' எனப்படும். மாவட்ட அளவில் இதை அனுப்புவதற்கென்றே செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். சம்பளப் பணியாளர் எவரும் இல்லாத தன்னார்வ அமைப்பில் இவ்வேலை, கடையையோ பள்ளியையோ முடித்துவிட்டு மாலையில் வரும் செயலாளரின் தலையில் விழும். இக்கட்டுரை கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பேரிடர்க் காலத்தில் அத்தகைய குறிப்பை எழுதும் முறையை விளக்குகிறது.

தோற்றம்

1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வதந்தி பரவுமுன் நிறுவனத்தின் சார்பில் ஐவி லீ எழுதி வெளியிட்ட அறிக்கையே நவீன செய்திக் குறிப்பின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆக, இவ்வடிவம் பிறந்ததே ஒரு பேரிடரில்தான்.

பண்ருட்டிப் பகுதி

பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர்பெற்ற பண்ருட்டியை 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடுமையாகத் தாக்கியது. தோப்புகள் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் பெய்த பெருமழையில் அண்மையிலுள்ள நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் பதிவானது. பெரியகாட்டுப்பாளையம், விசூர் பகுதிகளில் திடீர் வெள்ளம் உயிர்களைப் பறித்தது. இத்தகைய நாட்களில் உள்ளூர்க் குழுக்களே முதலில் களத்தில் நிற்கின்றன. வெளியூரிலிருந்து உதவ நினைப்பவருக்கு எங்கே, என்ன, எவ்வளவு தேவை என்பது பெரும்பாலும் அக்குழுக்கள் சொல்லித்தான் தெரியவரும்.

சொல்வது பிசகினால் வருவதும் பிசகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் பழைய துணிகள் யாருக்கும் பயன்படாமல் குவிந்து கிடந்தன. தில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பு அவற்றைத் திரட்டித் தரம்பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 'இயன்றதைக் கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் இயன்றது மட்டுமே வரும், தேவையானது வராது.

முதல் பத்தி

நம் ஊர்ச் செய்திக் குறிப்புகளின் பெரிய குறை அவற்றின் வரிசைதான். தலைவர் தலைமை தாங்கினார், இன்னார் முன்னிலை வகித்தார், இன்னார் வரவேற்றார் என்று பத்துப் பெயர்கள் கடந்த பின்பே என்ன நடந்தது என்பது வரும். இடம் போதாதபோது செய்தியாசிரியர் பொதுவாகக் கடைசியிலிருந்து வெட்டுவார். அப்போது பெயர்கள் தங்கிவிட, செய்தி போய்விடும். பெயர்கள் வேண்டாம் என்பதல்ல. ஊரில் நாளிதழ் விற்பதற்கு அவையும் ஒரு காரணம். அவற்றின் இடம் கடைசிப் பத்தி.

ஒரு வெள்ளக் காலக் குறிப்பு கீழ்க்கண்டவாறு தொடங்கலாம் (விவரங்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்):

"பண்ருட்டி, நவ. 12: வெள்ளத்தால் வீடிழந்து அரசுப் பள்ளியில் தங்கியுள்ள 60 குடும்பங்களுக்குப் பாய், போர்வை, கொசுவலை ஆகியவை உடனடியாகத் தேவைப்படுகின்றன. பழைய துணிகளும் அரிசியும் போதிய அளவு வந்துவிட்டதால் அவற்றை அனுப்ப வேண்டாம். பொருட்களை வரும் 15ஆம் தேதி வரை காலை 8 முதல் மாலை 6 மணி வரை பள்ளி வளாகத்தில் ஒப்படைக்கலாம்."

இதில் 'வேண்டாம்' என்ற வாக்கியத்தை எழுதப் பலர் கூச்சப்படுகின்றனர். ஆனால் குறிப்பிலேயே அதிகம் பயன் தருவது அதுதான். இறுதித் தேதியும் அப்படியே: அது இல்லாவிட்டால் முகாம் கலைந்த பின்னும் வண்டிகள் வந்துகொண்டிருக்கும்.

எண்ணிக்கையை எழுதும்போது அது நேரில் எண்ணியதா, வருவாய்த் துறையினர் கூறியதா என்பதையும் சேர்க்க வேண்டும். இறப்பு எண்ணிக்கையைத் தன்னார்வ அமைப்பு தானாக அறிவிக்காமல் அரசுத் தகவலை மட்டும் மேற்கோள் காட்டுவதே முறை.

பணம் கேட்கும்போது

அமைப்பின் பதிவு எண், அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு, நன்கொடைக்கு வருமான வரி விலக்கு உண்டா இல்லையா ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். தனிநபரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வது நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலும் பின்னர் சந்தேகத்தையே விளைவிக்கும். வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்களை நோக்கி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்புவது ஆகும். பின்னதைப் பெற 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

படமும் ஒப்புதலும்

பொட்டலத்தை நீட்டும் கைகளும், தலைகுனிந்து வாங்கும் முகமும் இருக்கும் படம் எளிதில் அச்சாகும். ஆனால் வாங்குபவர் நாளையும் அதே தெருவில் நடக்க வேண்டியவர். அவரிடம் கேட்காமல் பெயரையோ முகத்தையோ வெளியிடக் கூடாது. பெற்றோரை இழந்த குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. பொருட்களைத் தரம்பிரிக்கும் தொண்டர்களின் படமே போதும். படத்திலுள்ளோர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி அனுப்ப வேண்டும்.

அனுப்புதல்

குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஒருங்குறியில் தட்டச்சு செய்து அனுப்பினால் நிருபர் அப்படியே எடுத்தாள முடியும்; தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அங்கேதான் எண்கள் மாறும். நாளிதழ் அலுவலகத்திலிருந்து அழைத்தால் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணைக் கடைசியில் தர வேண்டும்.

முதல் குறிப்போடு வேலை முடிவதில்லை. தேவை மாறியதும் தேதியிட்ட இரண்டாம் குறிப்பு செல்ல வேண்டும். வரவு செலவை அறிவிக்க மூன்றாவது. தானே போன்ற புயலுக்குப் பிறகு நான்காவதும் தேவைப்படும். ஒட்டுக் கட்டிய முந்திரிக் கன்றே காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வளரும் பலாவுக்கு அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதல். புயல் செய்தி சில வாரங்களில் நாளிதழ்களிலிருந்து மறைந்துவிடும். கன்று நடும் பருவத்தில் எத்தனை கன்றுகள், எந்த ஊருக்கு, யார் பராமரிப்பில் என்று எழுதி அனுப்பும் குறிப்பே தோப்பை இழந்தவரை மீண்டும் செய்திக்குள் கொண்டுவரும்.