அடுத்த தேதி

எண்டோஸ்கோபி முடிந்து வெளியே வருகிறவரிடம் நான் ஒரு சீட்டு கொடுப்பேன். உள்ளே என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்பது அதில் இருக்கும். கீழே, திரும்ப வரவேண்டிய தேதி இருக்கும். மேலே இருப்பதை எல்லோரும் ஒருதரத்துக்கு இரண்டுதரம் விசாரிப்பார்கள். கீழே இருக்கும் தேதியைப் பலர் கேட்பதே இல்லை. அந்தத் தேதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் ஸ்டாஃப் நர்ஸ். பிறந்து வளர்ந்தது போடிநாயக்கனூர். அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் காயெடுக்கப் போய், இருட்டித் திரும்புகிற வாழ்க்கை அது. அதனால், “இப்பத்தான் ஒண்ணும் செய்யலையே சிஸ்டர், எதுக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டுட்டு வரணும்?” என்று ஒரு அக்கா கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. பதில் சொல்லியாக வேண்டும் என்ற பதற்றம்தான் வரும்.

எண்டோஸ்கோபிக் குழாயைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அது சுண்டுவிரல் அளவு தடிமன்கூட இருக்காது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வெறும் வயிற்றோடு வரவேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து அடிப்போம். இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையம் வைப்போம். குழாய் போவது உணவுக்குழாயில். மூச்சுக்குழாய் வேறு, அதனால் மூச்சு தாராளமாக விடலாம். உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் மூன்றையும் டாக்டர் திரையில் பார்ப்பார். குழாய்க்குள் இன்னொரு மெல்லிய வழி இருக்கிறது. அதன் வழியாகச் சதைத்துணுக்கு எடுக்கலாம், ஊசி போடலாம், ரத்தக்கசிவை நிறுத்தலாம்.

இப்படி வளையும் குழாய் முதலிலிருந்தே இருந்ததில்லை. 1868இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற மருத்துவர் நேரான குழாயை வைத்து இரைப்பையைப் பார்க்க முயன்றபோது, அதை விழுங்க வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி இழைக்கட்டு வழியாக வளைந்த பாதையிலும் படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் லண்டனிலிருந்து எழுதிய இருவரில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அந்தக் கட்டுரையைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 1957இல் வளையும் குழாயைச் செய்து, முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். பிறகுதான் ஒரு நோயாளிக்கு. இன்று இழைக்குப் பதில் நுனியிலேயே கேமரா வந்துவிட்டது.

எங்களிடம் நடு இரவில் வருபவர்களில் அதிகம் என்னைக் கலங்கவைப்பவர்கள் ரத்தவாந்திக்காரர்கள். குடியாலோ, மஞ்சள்காமாலைக் கிருமி பி, சி வகைகளாலோ, சர்க்கரையோடு சேர்ந்த கொழுப்பாலோ ஈரல் இறுகிப்போனால், குடலிலிருந்து ஈரலுக்குள் போகவேண்டிய ரத்தம் போக வழியில்லாமல் உணவுக்குழாயின் அடிப்பகுதி ரத்த நரம்புகளுக்குத் திரும்பும். அவை புடைத்து, ஒருநாள் வெடிக்கும். அந்த நேரத்தில் அழுத்தம் குறைக்கும் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் போட்டுவிட்டு, புடைத்த நரம்பைக் குழாயின் நுனிக்குள் உறிஞ்சி இழுத்து, ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டுவந்த பழைய முறையை 1980களில் அமெரிக்காவின் டென்வரில் ஸ்டீக்மன் என்ற அறுவை மருத்துவர் உணவுக்குழாய்க்குக் கொண்டுவந்தார். இறுக்கப்பட்ட இடம் சில நாளில் வளையத்தோடு உதிர்ந்து, ஆறி, தழும்பாகிவிடும்.

ரத்தம் நின்றதும் வீட்டார் முகத்தில் தெரிகிற நிம்மதி எனக்கு நன்றாகத் தெரியும். ஆபத்து அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒரே தடவையில் எல்லா நரம்பையும் கட்டிவிட முடியாது. இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து, புடைப்பு மறையும்வரை வளையம் போட்டுக்கொள்ள வேண்டும். மறைந்த பிறகும் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் ஒருமுறை, அப்புறம் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரல் அப்படியே இறுகித்தானே இருக்கிறது, நரம்பு மறுபடி புடைக்கும். நடுவில் புரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற அழுத்தம் குறைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இதை எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறாதபோது ஏலக்காயை வைத்துச் சொல்வேன். ஒரு சரத்தில் இருக்கும் காய் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் எடுத்துவிட்டு, முப்பது நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்புகிறோம். “ஒரு சுத்தோட தோட்டத்தை விட்டுட்டு வந்துருவீகளா அண்ணே?” என்று கேட்டால், மலைக்குப் போகிறவர் யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை.

அடுத்து ஆசிட். கழிவறை கழுவும் ஆசிட்டைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட்டும் வீட்டில் இருக்கும். குழந்தை தண்ணீர் என்று குடித்துவிடும். குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். போகும்போது எரித்த தொண்டையை அது வரும்போது இன்னொருமுறை எரிக்கும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஓடிவாருங்கள். முதல் நாளிலேயே எண்டோஸ்கோபியில் புண்ணின் ஆழத்தைப் பார்த்துவிட முடியும்.

மூன்றாவது வாரத்துக்கு மேல் புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கத் தொடங்கும். முதலில் தோசை இறங்காது, பிறகு இட்லி, பிறகு கஞ்சி. அப்போது மெல்லிய கம்பியை வழிகாட்டியாக விட்டு, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமன் கூடும் குழாய்களைச் செலுத்தி விரிப்பார்கள். அவசரப்பட்டால் உணவுக்குழாய் கிழிந்துவிடும். அதனால் ஒரு அமர்வுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கூட்ட மாட்டார்கள். பதினைந்து மில்லிமீட்டரைத் தொடும்வரை பல தடவை வரவேண்டியிருக்கும். பிள்ளை சோறு சாப்பிட ஆரம்பித்ததும் பெற்றோர் நின்றுவிடுகிறார்கள். குழாய் திரும்பச் சுருங்குகிறது.

இதில் யாரும் வீட்டில் பேசாத ஒரு விஷயம் உண்டு. ஆசிட் பட்ட உணவுக்குழாயில் பத்து, இருபது வருடம் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அந்தக் காலம் வந்ததும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதில் குடித்த பிள்ளைக்கு அது ஞாபகத்தில் இருக்காது. இருபது வயதில் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய்விடும். சொல்லவேண்டியது அம்மாவும் அப்பாவும்தான். பழசை ஏன் கிளற வேண்டும் என்று மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரி ஃபைலை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

மலைவேலைக்குப் போகிறவர்கள் வாயில் வெற்றிலை, பாக்கு, போயிலை ஒதுங்கியே இருக்கும். மழையும் குளிருமாக இருக்கும் சரிவில் அது ஒரு சூடு, பசிக்கும் ஒரு தடுப்பு. எனக்குத் தெரியும், என் அம்மாவும் போட்டவர்தான். ஆனால் போயிலை இல்லாத வெறும் வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தருவதுதான் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்தது. 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று 2016இல் சொன்னது. ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிய டீயை ஆறவிட்டுக் குடியுங்கள், அவ்வளவுதான்.

விழுங்கச் சிரமம் தெரியும் நேரத்தில் உணவுக்குழாயின் அகலம் பாதிக்குமேல் அடைபட்டிருக்கும். அதற்கு முன்னால் கண்டுபிடிக்க, சந்தேகம் உள்ளவர்களுக்கு உள்ளே அயோடின் கரைசல் தெளிப்பார்கள். நல்ல இடம் பழுப்பாக மாறும். கெட்ட இடம் வெளிறியே நிற்கும். மேல்தோலோடு நிற்கும் புற்றை நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே சீவி எடுத்துவிடலாம். ஜப்பானியர் வளர்த்தெடுத்த இந்த முறை இப்போது இந்தியாவின் பெரிய மையங்களிலும் நடக்கிறது. அதற்குப் பிறகும் தேதி உண்டு, ஏனென்றால் பக்கத்து இடத்தில் இன்னொன்று முளைக்கலாம்.

இரைப்பைப் புண்ணும் அப்படித்தான். மாத்திரையில் வலி போய்விட்டாலும், எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் திரும்பப் பார்ப்பது, ஆறாத புண்ணுக்குள் புற்று ஒளிந்திருக்கக்கூடும் என்பதால். முன்சிறுகுடல் புண்ணுக்குப் பெரும்பாலும் அந்தத் தேவை இல்லை. ஹெலிகோபாக்டர் கிருமிதான் இந்தப் புண்களுக்கு முக்கியக் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் கண்டதற்கு 2005இல் நோபல் கிடைத்தது. மருந்து முடித்து நான்கு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று சோதிக்க வேண்டும். பலர் அதையும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு முந்தைய தலைமுறையில் அல்சருக்கு வயிற்றைக் கிழித்து ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள், நெடுக ஓடும் தழும்போடு இன்றும் வருகிறார்கள். இரைப்பையில் பாதியை எடுத்தவர்களுக்கு, மிச்சம் இருக்கும் பகுதியில் இருபது வருடம் கழித்து மாற்றம் வரலாம். ஆபரேஷன் எப்போது நடந்தது, என்ன எடுத்தார்கள் என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான்.

டாக்டர் சொல்லும் தேதி காயெடுப்புச் சுற்றில் விழுகிறது என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். வளையம் போடும் தேதியைத் தள்ள முடியாது, ஆனால் வருடாந்திரச் சோதனையைக் காயெடுப்பு ஓய்ந்த கோடைக்கு மாற்றலாம். சொல்லாமல் நின்றுவிடுவதைவிட அது நூறு மடங்கு நல்லது. வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். போன தடவை படத்தில் இருந்த புள்ளி பெரிதாகியிருக்கிறதா என்று பழையதை வைத்துத்தான் டாக்டர் சொல்ல முடியும்.

ரத்தவாந்தி, தார்போல் கறுத்த மலம், விழுங்கியது திரும்பிவருவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இவற்றுக்குச் சீட்டில் உள்ள தேதிவரை காத்திருக்க வேண்டாம். ரத்தவாந்தியோ கறுத்த மலமோ கண்டால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும் அதே எண்தான்.